கருகிய வாசனையும் லலிதா போட்ட மார்க்கும்

நேற்று நம் பட்டறை வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு தம்பி கேட்டிருந்தார். பழைய கார், கியர் மாறும்போது உதறுகிறது, சிக்னலில் நின்றால் எஞ்சின் நடுங்குகிறது, ஸ்கேனரைப் போட்டால் கோளாறு எதுவும் காட்டவில்லை, என்ன செய்யலாம்? பத்து நிமிஷத்துக்குள் பதினான்கு பதில்கள். கியர்பாக்ஸைக் கழற்று என்று ஐந்து பேர். காயிலை மாற்று என்று நான்கு பேர். காரையே மாற்றச் சொல் என்று இரண்டு பேர். ஒருவர் இரண்டு கை கூப்பிய படத்தை மட்டும் போட்டிருந்தார். மீதி இரண்டு பேர் மதியச் சாப்பாட்டுக்கு எங்கே போகலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். "எனக்குத் தெரியாது" என்று யாராவது எழுதியிருக்கிறார்களா என்று மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

நான் வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. குரூப்பிலிருந்து என்னை இன்னும் யாரும் நீக்காததால், கொஞ்சம் நீளமாக எழுதும் உரிமையை எடுத்துக்கொள்கிறேன். கியர்பாக்ஸை எப்படிக் கழற்றுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்லப் போவது வேறு. முப்பத்தெட்டு வருஷம் ஸ்பேனர் பிடித்த ஒரு மடையன், நல்ல காரை ஸ்கிராப்புக்கு அனுப்பப் பார்த்த கதை. அந்த மடையன் நான்தான்.

காரைக் கொண்டுவந்தவர் சாரதா டீச்சர். ஆரம்பப் பள்ளியில் நாற்பது வருஷம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், வீடு உட்லண்ட்ஸில், வயது அறுபத்தெட்டு. கார் சாம்பல் நிற ஜப்பான் கார், ஆட்டோ கியர், பத்து வருஷம் ஆகப் போகிறது. நம் ஊரில் பத்து வருஷம் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். கார் வைத்திருக்க அரசாங்கம் தரும் சிஓஇ உரிமம் முடிகிறது. பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல கார் என்றாலும் ஸ்கிராப்தான். டீச்சருக்கு அப்போது இன்னும் இரண்டரை மாதம் மிச்சம் இருந்தது.

"மிஸ்டர் மணியம், புதுப்பிக்கலாமா வேணாமான்னு நீங்கதான் சொல்லணும். நீங்க ஓகேன்னா இன்னும் அஞ்சு வருஷம் ஓட்டுவேன். இல்லேன்னா..." என்று நிறுத்திவிட்டுப் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

பின் சீட்டில், இடது ஜன்னல் ஓரமாக, சீட் பெல்ட்டைக் கழற்றாமல் டீச்சரின் தங்கை லலிதா உட்கார்ந்திருந்தார். ஐம்பத்திரண்டு வயது. பிறவியிலேயே மற்றவர்களைப் போல் படிக்கவோ தனியாக வெளியே போகவோ முடியாதவர். தினமும் ஃபேரர் பார்க்கில் ஒரு பகல்நேரப் பராமரிப்பு நிலையத்துக்குப் போவார். அங்கே அவருக்கு ஏழு சிநேகிதிகளும், டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டும் வேலையும் உண்டு. ஆனால் எம்ஆர்டி ரயிலின் கதவு மூடும் முன் போடும் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவார். டாக்சியில் ஒரு தடவை ஏற்றிப் பார்த்து, முதல் சிக்னலிலேயே இறக்க வேண்டியதாயிற்று. அவர் நிம்மதியாக உட்காரும் வண்டி உலகத்திலேயே இது ஒன்றுதான், அதிலும் அந்த இடது ஜன்னல் ஓரம்தான். இந்தக் கார் போனால் டீச்சர் இந்த வயதில் இன்னொரு கார் வாங்குகிற நிலையில் இல்லை. லலிதா வீட்டோடு கிடக்க வேண்டியதுதான்.

இவ்வளவையும் டீச்சர் முதல் நாளே சொன்னார். நான் தலையை ஆட்டிக்கொண்டே டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்தார். கோடு போட்டுக் கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தார். தேதி, இடம், கார் என்ன செய்தது, கடைசிக் கட்டத்தில் சிவப்பு மையில் பத்துக்கு ஒரு மார்க்.

"மார்க் நான் போடலை, லலிதா போடுவா. இறங்குறப்ப கேப்பேன். எவ்வளவு சொல்றாளோ அதை எழுதிடுவேன்" என்றார்.

நீங்களே சொல்லுங்கள், முப்பத்தெட்டு வருஷ அனுபவம் உள்ளவன் அந்த நோட்டைப் படிப்பானா? "ரொம்ப நல்லது டீச்சர்" என்று வாங்கி டூல் பெட்டி மேல் வைத்தேன். அரை மணி நேரத்தில் அதன்மேல் என் கோப்பிக் குவளை உட்கார்ந்திருந்தது. அப்புறம் அவர் வந்த தடவைகளிலும் அப்படித்தான்.

காரை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினேன். லலிதா இறங்க மாட்டேன் என்றதால் அவரும் கூட வந்தார். பட்டறை இருக்கும் காக்கி புக்கிட்டை ஒரு சுற்றுச் சுற்றினோம். எஞ்சின் லேசாக முக்கியது, மற்றபடி சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. பட்டறை வாசலில் நிறுத்தியதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏழு."

"ஏன்மா ஏழு? நல்லாத்தானே ஓடுச்சு?"

"ஏழு அங்கிள்."

ஐம்பத்திரண்டு வயதுக்காரர் அறுபத்திநாலு வயதுக்காரனை அங்கிள் என்கிறாரே என்பதுதான் அப்போது எனக்குப் பட்டது.

அன்றைக்கு ஸ்பார்க் பிளக் தேய்ந்திருந்தது உண்மை. மாற்றினேன். ஏர் ஃபில்டரையும் புதிதாகப் போட்டேன். கூடவே எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கிற சென்சாரில் ஸ்பிரே அடித்துச் சுத்தம் செய்தேன். பழைய கார் எது வந்தாலும் நம் பட்டறையில் அது வழக்கம், கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. கார் ஜோராக ஓடியது. டீச்சர் மட்டும் விடவில்லை. என்ன காரணத்தால் பிளக் இவ்வளவு சீக்கிரம் தேய்ந்தது, இனி வராமல் இருக்க நான் என்ன செய்ய வேண்டும், எத்தனை நாளைக்கு ஒரு தடவை என்று கேள்விமேல் கேள்வி. பின்னால் இரண்டு வண்டி காத்துக்கொண்டிருந்தது. வாய்க்கு வந்ததைச் சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பினேன். அவர் நோட்டைத் திரும்ப எடுத்து, ஒவ்வொன்றையும் அதன் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டார். என்ன சொன்னேன் என்பது அடுத்த வண்டியின் பானெட்டைத் திறப்பதற்குள் எனக்கு மறந்துவிட்டது.

மூன்று வாரத்தில் கார் திரும்பி வந்தது. முன்னைவிட மோசம். மூன்றாவது கியருக்கும் நான்காவது கியருக்கும் நடுவில் எதைப் போடுவது என்று தெரியாமல் தவித்தது. சிக்னலில் நின்றால் ஸ்டீயரிங்கே நடுங்கியது. பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயில்களை மாற்றினேன், சென்சாரில் வழக்கம்போல் ஸ்பிரே அடித்தேன். சரியாகிவிட்டது. "காயில்தான் டீச்சர்" என்றேன். அதற்கு மூன்று வாரம் கழித்து மறுபடியும் வந்தது. எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகளை மாற்றினேன், ஸ்பிரே அடித்தேன். சரியாகிவிட்டது. "மவுண்டுதான் டீச்சர்" என்றேன். ஒவ்வொரு தடவையும் கடைசியாக எதை மாற்றினேனோ அதற்கே பேரைக் கொடுத்தேன். நடுவில் அடித்த ஸ்பிரேயை ஒரு வேலையாகவே நான் நினைக்கவில்லை.

நான்காவது தடவை வந்தபோது சிஓஇ முடியப் பத்தே நாள் இருந்தது. டீச்சரின் முகம் வாடியிருந்தது.

"மிஸ்டர் மணியம், இன்னிக்கு எனக்கு ஒரே பதில் வேணும். புதுப்பிக்கவா, விட்டுடவா?"

இங்கே நான் ஒரு விஷயத்தை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு முந்தின வருஷம் வந்த கோவிட் காய்ச்சலில் என் மோப்பம் போய்விட்டது. எல்லாருக்கும் சில வாரத்தில் திரும்பியது, எனக்குத் திரும்பவில்லை. வீட்டில் மறைக்க முடியவில்லை. அடிப்பிடித்த பருப்பை "இன்னிக்கு ஒரு தனி ருசி" என்று பாராட்டி மனைவியிடம் மாட்டிக்கொண்டேன். பட்டறையில் மறைத்தேன். மணியத்தின் மூக்கு என்றால் காக்கி புக்கிட் முழுக்கப் பேர். பக்கத்துப் பட்டறைக்காரர்கள்கூட எண்ணெயைக் கொண்டுவந்து மோந்து பார்க்கச் சொல்வார்கள். இந்த வயதில் மூக்கு வேலை செய்யவில்லை என்று எந்த முகத்தோடு சொல்வது? அதனால் நடித்தேன். எண்ணெயை டிஷ்யூவில் இரண்டு சொட்டு விட்டு, மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, ஐந்து எண்ணி, தலையை மெதுவாக ஆட்டுவேன். நிறத்தைப் பார்த்து ஒரு குத்துமதிப்பாகச் சொல்லிவிடுவேன். பாதிக்கு மேல் சரியாகவே இருந்தது, அதுதான் ஆபத்து.

அன்றைக்கும் அதையே செய்தேன். கியர் எண்ணெய் பழுப்பாக இருந்தது. பத்து வருஷக் காரில் அது பழுப்பாகத்தான் இருக்கும், அதனால் ஒன்றும் சொல்ல முடியாது. கருகிய வாசனை வந்தால்தான் உள்ளே தேய்கிறது என்று அர்த்தம். டீச்சர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று தடவை தோற்றவனுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. கண்ணை மூடினேன், ஐந்து எண்ணினேன்.

"கருகின வாசம் வருது டீச்சர். கியர்பாக்ஸ் போச்சு. புதுப்பிச்சுப் பிரயோஜனம் இல்லை. விட்டுடுங்க."

டீச்சர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஸ்கிராப் ஏஜெண்டைப் பட்டறைக்கே வரச் சொன்னோம். நான்கு நாள் கழித்து, பிற்பகல் மூன்று மணிக்கு. டீச்சர் இரண்டரைக்கே வந்துவிட்டார். காரில் இருந்த சாமி படம், குடை, டிஷ்யூ டப்பா எல்லாவற்றையும் எடுத்து ஒரு பையில் போட்டார். லலிதாவை மட்டும் எடுக்க முடியவில்லை. பின் சீட்டில் சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இறங்கும்மா, வீட்டுக்குப் போலாம்."

"இதுல போலாம்."

"இது ரிப்பேர்லா லலிதா. அங்கிள் சொல்லிட்டார்ல."

"அங்கிளுக்குத் தெரியாது."

ஏஜெண்ட் வந்தார். இன்னொரு கார் எடுக்க வேண்டும், சீக்கிரம் கையெழுத்துப் போடுங்கள் என்று கடிகாரத்தைப் பார்த்தார். டீச்சர் பேனாவைத் திறந்து, மூடி, மறுபடியும் திறந்தார். இந்தக் களேபரத்தில்தான் மேல் மாடி ஆபீசிலிருந்து பாஸ் இறங்கி வந்தார்.

பாஸைப் பற்றி உங்களில் பழையவர்களுக்குத் தெரியும். பெயரை எங்கேயும் எழுதக் கூடாது என்பது அவர் உத்தரவு. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த சீனர். எஞ்சினைத் தொடுவதற்கு முன்னால் எப்போதும் ஒரே கேள்விதான் கேட்பார்: "ஹூ டச் பிஃபோர் யூ?" உனக்கு முன்னால் யார் இதில் கை வைத்தது என்று அர்த்தம். பழைய காரில் பாதிக் கோளாறு தானாக வருவதில்லை, யாரோ ஒருவர் கையால் வருகிறது என்பது அவர் நம்பிக்கை.

ஏஜெண்டுக்கு ஒரு கோப்பி வாங்கிவரச் சொல்லிவிட்டு, பாஸ் என்னைப் பார்த்தார். "மணி, ஹூ டச் பிஃபோர் யூ?"

டயர் கடைக்காரன், கார் கழுவுகிறவன், டீச்சரின் மருமகன் என்று வரிசையாக அடுக்கினேன். என் பெயரைத் தவிர எல்லார் பெயரும் அதில் இருந்தது.

பாஸ் டீச்சர் கையிலிருந்த நோட்டை வாங்கிப் பார்த்தார். அவருக்குத் தமிழில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. அதனால் எழுத்தை விட்டுவிட்டு எண்களை மட்டும் பார்த்தார். சிவப்பு மையில் ஒன்பது, ஒன்பது, ஒன்பது. அப்புறம் ஏழு, ஏழு, ஏழு. அப்புறம் ஐந்து. அப்புறம் நாலு. மறுபடியும் ஒன்பது.

"திஸ் ரெட் நம்பர் வாட்?"

டீச்சர் சொன்னார். பாஸ் பின் சீட்டை எட்டிப் பார்த்து, "வாவ், யூ டீச்சர் ஆ?" என்றார். லலிதா ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

பாஸ் சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து, நோட்டில் இருந்த தேதிகளோடு விரல் வைத்து ஒப்பிட்டார். ஏஜெண்டும் கோப்பியோடு எட்டிப் பார்த்தார். ஒன்பது வருவது எல்லாம் நான் பட்டறையில் வேலை செய்த மறுநாள். மார்க் இறங்குவது எல்லாம் சனிக்கிழமை. வாரம் முழுக்க ஒரே மார்க், சனிக்கிழமை வந்தால் ஒரு படி கீழே. பத்து வாரமாக ஒரு தடவைகூடத் தவறவில்லை. ஒவ்வொரு தடவையும் என் குவளைக்குக் கீழே கிடந்தது இதுதான்.

"மேடம், ஃப்ரைடே யூ டூ வாட்?" என்று கேட்டார் பாஸ்.

டீச்சருக்குக் கேள்வியே விசித்திரமாக இருந்தது. "வெள்ளிக்கிழமை என்ன, மிஸ்டர் மணியம் சொன்னதைத்தான் செய்யுறேன்."

"நான் என்ன டீச்சர் சொன்னேன்?"

அவர் நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினார். 'மெக்கானிக் சொன்னவை' என்று தலைப்பு, அடிக்கோடு. அதற்குக் கீழே நான்கு வரிகள். மூன்று வரி எண்ணெய், டயர், பெட்ரோல். நான்காவது வரியைப் பாடம் நடத்தும் குரலில் படித்தார்.

"வண்டிக்குக் கண் பட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் எஞ்சினுக்குச் சாம்பிராணி காட்டவும். பானெட் திறந்திருக்க வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அடைப்புக்குறிக்குள், கேட்டு உறுதி செய்யப்பட்டது."

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. வாசலில் நின்று நான் அடித்த ஜோக். "எஞ்சின் ஆன்ல இருக்கணுமா, ஆஃப்ல இருக்கணுமா?" என்று டீச்சர் திரும்பி வந்து கேட்டதும், "ஓடட்டும் டீச்சர், அப்பத்தான் உள்ள வரைக்கும் போகும்" என்று நான் சிரித்ததும். அவர் சிரிக்கவில்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

"நானும் ஒழுங்காத்தான் செஞ்சேன்" என்றார் டீச்சர். "முதல்ல மேலாப்புல காட்டினேன். அப்புறம் பார்த்தா, முன்னாடி ஒரு குழாய் வாய் இருக்குல்ல, அங்கே காட்டினா புகையை அப்படியே இழுத்துக்குது. சாமியே வாங்கிக்கிற மாதிரி இருந்துச்சு. அதனால அங்கேயே கால் மணி நேரம் பிடிப்பேன். வண்டி ரிப்பேர் ஆகுற வாரம் அரை மணி நேரம்."

அந்தக் குழாய் வாய் எஞ்சின் காற்றை இழுக்கிற இடம்.

பாஸ் பானெட்டைத் திறந்து, ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்புகளை எடுத்தார். முதல் தடவை நான் வெள்ளையாகப் போட்ட ஃபில்டர் தேன் நிறத்தில் இருந்தது. புதிதுதானே என்று அதற்குப் பிறகு நான் திறக்கவே இல்லை. பாஸ் முகத்தைக் கிட்டே கொண்டுபோனவர் சட்டென்று பின்னால் நகர்ந்தார்.

"அலாமாக்! ஒய் திஸ் இஞ்சின் ஸ்மெல் லைக் தேக்கா?"

தேக்கா என்றால் நம் ஆட்கள் பூவும் சாம்பிராணியும் வாங்கும் சந்தை. ஏஜெண்ட் மோந்து பார்த்துத் தும்மினார். டீச்சர் மோந்து பார்த்து, "நல்ல சாம்பிராணி, சிராங்கூன் ரோட்டுல வாங்கினது" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நானும் குனிந்து கண்ணை மூடி மூக்கை வைத்தேன். எனக்குப் பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது.

விஷயம் இவ்வளவுதான். சாம்பிராணிப் புகையில் இருக்கிற பிசின் ஃபில்டரைத் தாண்டிப் போய்க் காற்றை அளக்கிற சென்சாரில் படிந்திருக்கிறது. படிந்த சென்சார் வருகிற காற்றைக் குறைத்துச் சொல்கிறது. பத்துப் பேர் சாப்பிட வந்திருக்கும்போது சமையல்காரரிடம் நாலு பேர் என்று சொன்னால் என்ன ஆகும்? எஞ்சினுக்குப் பெட்ரோல் போதாமல் நடுங்குகிறது. கியர்பாக்ஸும் அதே கணக்கை நம்புவதால் தப்பான நேரத்தில் மாறி உதறுகிறது. சென்சார் செத்துப் போகவில்லை, பொய்தான் சொல்கிறது, அதனால் ஸ்கேனர் கோளாறு எதுவும் காட்டவில்லை. நான் ஸ்பிரே அடித்தால் சரியாகும். வெள்ளிக்கிழமை வந்தால் கெடும். கெட்டால் டீச்சர் பக்தியைக் கூட்டுவார்.

பாஸ் என்னைத் தனியாகக் கூப்பிடவில்லை. அங்கேயே கேட்டார். "மணி, நீ ஃபோர் டைம் இந்தக் காரு பாத்தான். யூ கேன்னாட் ஸ்மெல் ஆ?"

நான் கை துடைக்கும் துணியைத் தேடினேன். அவர் கியர் எண்ணெயை இரண்டு சொட்டு டிஷ்யூவில் விட்டு மோந்து பார்த்தார். கண்ணை மூடவில்லை, ஐந்து எண்ணவில்லை. "வேர் காட் பர்ன்? ஓல்ட் ஒன்லி. சேஞ்ச் ஆயில், ஃபினிஷ்." கருகவே இல்லை, பழைய எண்ணெய், மாற்றினால் போதும் என்று அர்த்தம்.

டீச்சர் கையில் பேனா இருந்தது. ஏஜெண்டின் காகிதம் டூல் பெட்டி மேல் விரித்துக் கிடந்தது. பின் சீட்டில் லலிதா பெல்ட்டை விடாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு கணத்தில் பேசாமல் இருந்திருந்தால் பாஸ் எப்படியும் சமாளித்திருப்பார். வயசாச்சு, அலர்ஜி என்று ஏதாவது சொல்லியிருப்பார். எனக்குத்தான் தாங்கவில்லை. வெட்கத்தில் காது சுட்டது.

"டீச்சர், எனக்கு ஒரு வருஷமா மூக்கு வேலை செய்யலை. கருகின வாசம்னு சொன்னது பொய். கியர்பாக்ஸுக்கு ஒண்ணும் இல்லை. சாம்பிராணி காட்டச் சொன்னதும் சும்மா விளையாட்டுக்கு. எதுவும் தெரியாமத்தான் சொன்னேன். உங்க வண்டி நல்ல வண்டி. கெடுத்தது நான்தான்."

டீச்சர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு எட்டு வயதாகிவிட்டது.

"மிஸ்டர் மணியம், என் கிளாஸ்ல தெரியலைன்னு சொன்ன பிள்ளையை நான் ஒரு நாளும் திட்டினது இல்லை. பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதினவங்களைக்கூட மன்னிச்சிருக்கேன். கண்ணை மூடிக்கிட்டு எழுதினவர் நீங்க ஒருத்தர்தான்" என்றார். ஏஜெண்டின் காகிதத்தை மடித்து அவர் கையிலேயே கொடுத்தார். அந்த மனிதர் கோபப்படவில்லை. மீதிக் கோப்பியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் போனார்.

ஃபில்டரை மாற்றினேன், சென்சாரைக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு சுத்தம் செய்தேன், கியர் எண்ணெயை மாற்றினேன். டீச்சருக்கு ஒரு கவலை பாக்கி இருந்தது. இத்தனை வாரம் காட்டிவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் சாமி கோபித்துக்கொள்ளாதா? பாஸுக்கு நான் மொழிபெயர்த்தேன். பட்டறைச் சாமி மேடைக்குத் தினமும் ஊதுபத்தி ஏற்றுகிறவர் அவர், விஷயம் தெரிந்தவர். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அவுட்சைட் கேன். இன்சைட் கேன்னாட். இஞ்சின் ஆஃப்." டீச்சர் நான்காவது வரியை ஸ்கேல் வைத்து அடித்துவிட்டு, அதற்குக் கீழே இதை எழுதிக்கொண்டார்.

நான்தான் ஓட்டினேன். டீச்சர் முன் சீட்டில், லலிதா அவர் இடத்தில். காக்கி புக்கிட்டைச் சுற்றி, எக்ஸ்பிரஸ்வேயில் ஏறி, இறங்கி வந்தோம். கியர் மாறுவதே தெரியவில்லை. வாசலில் நிறுத்தினேன். மூன்று பேரும் பின் சீட்டுக்காகக் காத்திருந்தோம். மூன்றாவது ஆள் பாஸ், ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தார்.

"ஒன்பது" என்றார் லலிதா.

டீச்சர் கைக்குட்டையை எடுத்துக்கொண்டார். மறுநாளே போய் இன்னும் ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்துவிட்டார்.

அன்றைக்கு நான் அதோடு விட்டிருக்கலாம். ஆசை யாரை விட்டது? "அங்கிளுக்கு எவ்வளவும்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"மூணு."

"லலிதா, அங்கிள் பாவம்லா" என்றார் டீச்சர்.

"மூணு."

அடுத்த சர்வீசுக்கு வந்தபோது லலிதா ஜன்னலை இறக்கி, என் மூக்கைக் காட்டி, "வந்துருச்சா?" என்று கேட்டார். வீட்டில் அக்கா விவரமாகச் சொல்லியிருப்பார் போல. பட்டறையில் எல்லாரும் இருந்தார்கள். "வந்துருச்சு வந்துருச்சு" என்றேன். உடனே மூடிய கையை என் முகத்துக்கு நேரே நீட்டி, "இது என்ன வாசம்?" என்றார். வெள்ளிக்கிழமை, டீச்சர் தலையில் பூ வைத்திருந்தார். "மல்லிகை" என்றேன். கையைத் திறந்தார். பத்தடி தூரத்துக்கு நாறும் டுரியான் பழ மிட்டாய். அன்றைக்கு எனக்கு மார்க் இரண்டு.

அந்த வாரமே பாஸிடம் சொல்லி, மோந்து பார்க்கிற வேலையெல்லாம் இன்னொருவர் செய்வது என்று ஏற்பாடு செய்துகொண்டேன். டிஷ்யூவைக் கையில் எடுத்தால், "எனக்கு வாசனை தெரியாது, நீ பார்" என்று நீட்டிவிடுவேன். ஓய்வு பெறும் வரை அப்படித்தான் வேலை செய்தேன். நான் பயந்த மாதிரி காக்கி புக்கிட்டில் யாரும் சிரிக்கவில்லை. பக்கத்துப் பட்டறைக்காரர் ஒருவர் தனக்கு ஒரு காது சரியாகக் கேட்காது என்று என்னிடம் ரகசியமாக வந்து சொன்னார். எஞ்சின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லும் பேர்வழி அவர்.

குரூப்பில் கேட்ட தம்பிக்கு என் பதில்: எனக்குத் தெரியாது. காரைப் பார்க்காமல் யாருக்கும் தெரியாது. முதலில் அந்தக் கார்க்காரரிடம் உட்கார்ந்து பேசுங்கள். உங்களுக்கு முன்னால் யார் கை வைத்தது என்று கேளுங்கள், அந்த வரிசையில் உங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கை கூப்பிய படம் போட்டவரே, உங்களைத்தான் சொல்கிறேன், அந்தப் படத்தை மட்டும் கார்க்காரருக்கு அனுப்பிவிடாதீர்கள்.

போன வாரம் ஃபேரர் பார்க் பக்கம் சாப்பிடப் போயிருந்தேன். அந்தச் சாம்பல் நிறக் கார் வந்து பராமரிப்பு நிலைய வாசலில் நின்றது. ஒரு உதறல் இல்லை. டீச்சர் இறங்கி எனக்கு வணக்கம் சொன்னார். லலிதா இறங்காமல் ஜன்னலை இறக்கி, என் மூக்கையே பார்த்தார்.

"அங்கிள், வந்துருச்சா?"

"இல்லம்மா. இன்னும் வரலை. இனிமே வராதுன்னுதான் நினைக்கிறேன்."

லலிதா விரல்விட்டு எண்ணினார்.

"ஆறு" என்றார்.